ரேடியேட்டர் தண்ணீருக்கும் கணக்கு உண்டு

கடைக்கென்று சொந்தமாக ஒரு பழைய சரக்கு வண்டி வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்காக இதை எழுதுகிறேன். புது வண்டி வாங்கிக் கம்பெனி வாரண்டியில் ஓட்டுகிறவர்கள் இப்பக்கத்தைத் தாண்டிப் போகலாம். அவர்கள் வண்டிக்கும் ஒரு நாள் வயதாகும், அப்போது எடுத்துப் படித்துக்கொள்ளட்டும்.

நம் மண்டியிலிருந்து 50 கிலோ துவரம்பருப்புச் சிப்பம் ஒன்று புறப்பட்டு, போய்ச் சேர்ந்த கடையில் 49½ கிலோ நின்றால் என்ன செய்கிறோம்? தராசைச் சரிபார்க்கிறோம், சாக்கைப் புரட்டித் தையலைப் பார்க்கிறோம், ஏற்றியவரைக் கேட்கிறோம், இறக்கியவரைக் கேட்கிறோம். அரை கிலோ பருப்பு போன வழி தெரியும்வரை நமக்குச் சோறு இறங்காது. ஆனால் அதே சிப்பத்தை ஏற்றிப் போன வண்டியில் தினம் ஒன்றரை லிட்டர் தண்ணீர் காணாமற்போகிறது என்று டிரைவர் வந்து சொன்னால், "ஊத்தி ஓட்டுப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த சிட்டையைப் புரட்டுகிறோம். தண்ணீர்தானே, காசா பணமா என்ற நினைப்பு!

எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் ஒரு மூடிய சுற்றில் ஓடுவது. எஞ்சினில் சூடேறி, ரேடியேட்டரில் ஆறி, மறுபடி எஞ்சினுக்கே திரும்புகிறது. சரியாக இருக்கிற வண்டியில் மாதக்கணக்கில் குறையாது. குறைந்தால் எங்கோ ஒரு வழி இருக்கிறது என்று பொருள். வெயிலுக்கு வற்றிவிட்டது என்று சமாதானம் சொல்வது, எலி இரும்புத் தராசைத் தின்றுவிட்டது என்று சொன்ன பழைய கதைக்குச் சமம்.

இதை நான் இப்போது எழுதக் காரணம் எங்கள் திண்டுக்கல்லில் சென்ற ஆண்டு வந்த ஒரு பஞ்சாயத்து. பெயர்கள் வேண்டாம். கொடைக்கானலுக்கு அரிசி, சர்க்கரை, எண்ணெய் டின் ஏற்றிப் போன பழைய 407 ஒன்று டம்டம் பாறையைத் தாண்டி ஏறும்போது எஞ்சின் சீஸ் ஆகி நின்றது. சரக்கை வேறு வண்டிக்கு மாற்றி ஏற்றிய கூலி, இழுத்து வந்த செலவு, எஞ்சின் வேலை எல்லாம் சேர்ந்து பெரிய தொகை. முதலாளி மாதம் 2,000 ரூபாய் வீதம் டிரைவர் சம்பளத்தில் பிடிக்க ஆரம்பித்தார். டிரைவர் சங்கத்துக்கு வந்தார். "மொதலாளி, தண்ணி கொறையுதுன்னு மூணு தடவை சொன்னேன். பம்புல பாக்கணும்னேன். தீபாவளி முடியட்டும்னீங்க" என்றார். முதலாளி அதை மறுக்கவில்லை. அவர் பிடித்துக்கொண்டது வேறொன்று: "ஹீட் ஆனா முள்ளு ஏறும்ல? முள்ளைப் பாத்து நிறுத்தியிருக்கணும்ல? முள்ளே ஏறலைங்கிறான், எஞ்சின் மட்டும் எப்படிச் சீஸ் ஆகும்? பொய் சொல்றான்."

டிரைவர் சொன்னது பொய்யல்ல. வெப்பத்தைக் காட்டும் முள்ளுக்குச் செய்தி சொல்வது எஞ்சினில் செருகியிருக்கும் ஒரு சிறு பித்தளைக் குமிழ். அது தண்ணீரில் முங்கியிருந்தால்தான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் குமிழைத் தொடுவது காற்றும் ஆவியும்தான். முள் நடுவில் நிற்கும், சில வண்டியில் கீழேகூட இறங்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போது மீட்டர் நலம் என்று சொல்லும். இதை வண்டி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் முள்ளை நம்பித்தான் நாம் டிரைவர்மீது பழி போடுகிறோம்.

தண்ணீர் குறைகிறது என்று டிரைவர் ஒருமுறை சொன்ன பிறகு, அந்த வண்டி சூடேறிக் கெட்டால் அவர் சம்பளத்தில் கைவைக்க முதலாளிக்கு நியாயம் இல்லை. இது என் கருத்து. அன்று நான்கு பேர் உட்கார்ந்து இதையே சொன்னோம். பிடித்தம் நின்றது. ஏற்கெனவே பிடித்த இரண்டு மாதத் தொகை இன்னும் திரும்பவில்லை என்று கேள்விப்படுகிறேன்.

"சமவெளியில் நன்றாகத்தானே ஓடுகிறது, மலையில் மட்டும் ஏன் கொதிக்கிறது? டிரைவர் ஓட்டுகிற விதம்தான்" என்று சொல்பவர்கள் உண்டு. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளியில் படித்தது கடல் மட்டத்துக்கு. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் அது குறைகிறது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். அங்கே பருப்பு வேகத் தாமதமாவதும் இதனால்தான். லோடு ஏற்றி மேட்டில் ஏறும் டீசல் எஞ்சினில் தண்ணீர் 90 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அப்படியானால் கொதிக்காமல் எப்படி ஓடுகிறது? ரேடியேட்டர் மூடிதான் காரணம். அது வெறும் மூடியல்ல. குக்கரின் வெயிட்டைப் போல உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வு. அதன்மேல் 0.9, 1.1 என்று எண் இருக்கும், பழைய வண்டிகளில் இன்னும் குறைவாகவும் இருக்கும். டயருக்குக் காற்றடிக்கும் கணக்கில் 0.9 என்பது 13 பவுண்டு. 15 பவுண்டு அழுத்தம் உள்ளே நின்றால் வெறும் தண்ணீரே சுமார் 120 டிகிரிவரை கொதிக்காது. எங்காவது ஒரு கசிவு இருந்தால் அழுத்தம் நிற்காது. அழுத்தம் நிற்காத வண்டி சமவெளியில் சமாளிக்கும், மலையில் கொதிக்கும். ஆகவே கசிவு என்றால் ஒன்றரை லிட்டர் தண்ணீர் நட்டம் மட்டுமல்ல. அந்த வண்டி மலையேறும் தகுதியை இழந்துவிட்டது என்று பொருள்.

சரி, கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது? என் வண்டி 2006ஆம் ஆண்டு 407. அதில் நடந்ததைச் சொல்கிறேன்.

தினம் ஒன்றரை லிட்டர் குறைந்தது. ஷெட்டில் தரையைப் பார்த்தால் ஈரம் இல்லை. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தார்கள். "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு அண்ணாச்சி. ஹெட்டைக் கழத்தி லேத்துக்குக் கொடுத்துப் பேஸ் அடிக்கணும். அஞ்சு நாள் ஆகும்" என்றார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அனுபவம் என்றார்கள். நாற்பது ஆண்டு மிளகாய் வாங்குகிறவன் நான். அனுபவத்தை மதிக்கிறேன், ஆனாலும் மூட்டையைக் குத்திப் பார்க்காமல் விலை பேசியதில்லை. வண்டியைத் திருப்பி எடுத்து வந்தோம்.

முதல் சோதனைக்குக் காசே வேண்டாம். இரவு வண்டி நிற்கும்போது எஞ்சினுக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து வையுங்கள். நம் கடைகளில் அதற்குப் பஞ்சமில்லை. காலையில் அட்டையில் எந்த இடத்தில் சொட்டு விழுந்திருக்கிறதோ, அதற்கு நேர் மேலே தேட ஆரம்பிக்கலாம். எஞ்சின் ஆயில் என்றால் கறுப்பாக ஊறி நிற்கும், டீசல் வாசனை காட்டிக்கொடுக்கும், தண்ணீர் காய்ந்து ஓரம் மட்டும் கோடாகத் தெரியும். கூலன்ட் கலந்த தண்ணீர் என்றால் நிறமும் பிசுபிசுப்பும் இருக்கும். கசிவைத் தேடும் வேலைக்கு நிறம் உள்ள கூலன்ட் பெரிய உதவி. வெறும் தண்ணீர் தடயம் இல்லாமல் போய்விடும்.

எங்கள் அட்டையில் ஒன்றும் இல்லை. அதற்கு அர்த்தம் கசிவு உள்ளுக்குள் என்பதல்ல. அழுத்தம் ஏறும்போது மட்டும் கசியும் இடங்கள் உண்டு. சூடான எஞ்சின்மேல் வழிந்து அங்கேயே ஆவியாகிவிடுவதும் உண்டு. இரண்டிலும் தரைக்குச் சொட்டு வராது. பலர் தவறான முடிவுக்குப் போவது இந்த இடத்தில்தான். தரையில் ஈரம் இல்லை, ஆகவே ஹெட் கேஸ்கெட் என்று பாய்ந்துவிடுகிறார்கள்.

அடுத்து மூடியைப் பார்த்தோம். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு. அடியில் இருக்கும் ரப்பர் வளையம் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ தண்ணீர் வழிகுழாய் வழியே போய்க்கொண்டே இருக்கும். காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தால் மூடியில் உள்ள சிறிய வால்வு வேலை செய்யவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். மூடி விலை எஞ்சின் வேலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் வண்டிக்குரிய அழுத்த எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். கனமான மூடியாகப் போட்டால் நல்லது என்று 0.5 இருந்த இடத்தில் 1.1 போடுகிறவர்கள் பழைய ரேடியேட்டரைத் தாங்களே பிளக்கிறார்கள்.

பிறகு நான் போனது ரேடியேட்டர்க்கு ஈயப்பற்று வைக்கும் ஒரு சிறு கடைக்கு. அந்தப் பெரியவர் எஞ்சினைத் தொடவே இல்லை. சைக்கிள் பம்ப் போல மீட்டரோடு ஒரு கைப்பம்ப் வைத்திருந்தார். ரேடியேட்டரை வாய்வரை நிரப்பி, மூடிக்குப் பதில் அந்தப் பம்பின் மூடியைப் பொருத்தி, வண்டிக்குரிய அழுத்தம்வரை அடித்தார். அதற்குமேல் அடிக்கக் கூடாது. அடித்துவிட்டு, "டீ சாப்பிட்டு வாங்க" என்றார். கால் மணி நேரத்தில் முள் இறங்கியிருந்தது. எஞ்சின் ஓடவில்லை, சூடில்லை, ஆவியில்லை. தண்ணீர் அழுத்தத்தால் வெளியே வந்துதான் ஆக வேண்டும், வந்தால் நனைந்து தெரிந்துதான் ஆக வேண்டும்.

டார்ச்சும் முகம் பார்க்கும் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு ஹோஸ்களின் நான்கு முனைகளையும் பார்த்தார். கிளிப் இறுகிய இடத்தில் ரப்பர் வெடித்திருக்கும் என்பதால் விரலால் வளைத்துப் பார்த்தார். எஞ்சின் பக்கவாட்டில் தகரக் கிண்ணங்களைப் போல அடித்து வைத்திருக்கும் அடைப்பு மூடிகளைத் துணியால் துடைத்துப் பார்த்தார். போர் தண்ணீரே ஊற்றி வந்த வண்டிகளில் அவை உட்புறமாகத் துருப்பிடித்து ஊசித்துளை விழும். கடைசியாக வாட்டர் பம்ப். அதன் அடியில் ஒரு சிறு துளை இருக்கிறது. பம்ப் செய்தவர்களே வேண்டுமென்று விட்ட துளை. உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் அந்தத் துளை வழியே வெளியே வந்து, காலம் முடிந்துவிட்டது என்று சொல்லும். கண்ணாடியில் பார்த்தபோது துளையிலிருந்து எஞ்சின்மேல் வெள்ளையாக உப்புக்கோடு ஒன்று இறங்கியிருந்தது. அதன் நுனியில் ஒரு சொட்டு. அவ்வளவுதான். அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்துவிடும் மெக்கானிக்குகளும் உண்டு. அடைத்தால் பேரிங் நனைந்து உடையும், உடைந்தால் விசிறி போய் ரேடியேட்டரில் அடிக்கும்.

பம்பை மாற்றினோம். ஐந்து நாள் ஆகவில்லை, அரை நாளில் முடிந்தது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இருபது நாள் கழித்துத் தண்ணீர் மறுபடி கொஞ்சம் குறைந்தது. பெரியவர் இதை முன்பே சொல்லியிருந்தார். பழைய வண்டியில் ஒரு கசிவை அடைத்தால் அழுத்தம் முழுதாக ஏறும், ஏறியதும் அடுத்த பலவீனமான இடம் வாய் திறக்கும் என்று. ரேடியேட்டரின் கீழ்த்தொட்டி இணைப்பில் ஈயம் விட்டிருந்தது. அதையும் பற்றவைத்த பிறகு தண்ணீர் குறையவில்லை. முதல் வேலை சரியில்லை என்று மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போவதற்குமுன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஹெட் கேஸ்கெட் போவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. போகும். வெளியே எங்குமே ஈரம் இல்லாமல் பம்பின் முள் இறங்கினால் சந்தேகம் அங்கேதான் போக வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டரில் விடாமல் குமிழி வருவது, சூடேறிய பிறகும் சைலன்சரில் வெண்புகை நிற்காமல் வருவது, டிப் ஸ்டிக்கில் ஆயில் மோர் கலந்ததுபோல் வெளுத்திருப்பது ஆகியவை அடையாளங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் லேசாக வெள்ளை படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். ஊருக்குள்ளேயே நான்கு கடைக்குச் சரக்குப் போட்டு நிறுத்தும் வண்டிகளில் எஞ்சின் முழுச் சூடு ஏறாததால் ஈரம் அப்படிப் படியும். ரேடியேட்டர் வாயில் பிடித்தால் எரிந்த புகை கலந்திருக்கிறதா என்று நிறம் மாறிக் காட்டும் ஒரு நீலத் திரவமும் இருக்கிறது. ஹெட்டைக் கழற்றும்முன் இவற்றில் ஒன்றையாவது நம் கண்முன் காட்டச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. பில் கொடுக்கப்போவது நாம்.

வழியில் செய்யும் கைவைத்தியங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடுவது நம் டிரைவர்களிடம் நெடுநாள் பழக்கம். தூள் ஊறிச் சிறு ஓட்டையை அடைக்கும் என்பது உண்மை. மஞ்சள் விற்கிறவன் நான், விற்பனை கெடும்படி பேசக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன்: அது ஓட்டை எது, நல்ல குழாய் எது என்று பார்த்து அடைக்காது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். நடுக்காட்டில் ஊர் வந்து சேரப் போட்டால் சரி, வந்ததும் கழுவிவிட வேண்டும். அதையே மாதம் ஒருமுறை வைத்தியமாக வைத்துக்கொண்டால் கசிவு நிற்கும், எஞ்சினும் நிற்கும். கொதிக்கிறது என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவதும் இப்படித்தான். சமவெளியில் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராமல் டீசல் கூடும், தேய்மானமும் கூடும். கசிவு அப்படியே இருக்கும்.

தண்ணீர் ஊற்றுவதிலும் நமக்கு அலட்சியம். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரைக் கொதிக்கவைத்த பாத்திரத்தில் படியும் வெள்ளை, எஞ்சினுக்குள்ளும் படிகிறது. டிஸ்டில்டு வாட்டரில் சரிபாதி கூலன்ட் கலந்து ஊற்றுவதே முறை. அது துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் சில டிகிரி உயர்த்தும். பல ஆண்டு உப்புத் தண்ணீரில் ஓடிய வண்டிக்கு முதல்முறை கூலன்ட் ஊற்றியதும் புதுக் கசிவு தெரிந்தால் கூலன்ட்டைத் திட்ட வேண்டாம். அங்கே உப்பும் துருவும் ஓட்டையை அடைத்து நின்றிருக்கும்.

மளிகைக்காரர்கள் இந்த ஒன்றைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பான விஷம். சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை வாங்கும். 2025ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்துக் குழந்தைகள் இறந்தார்களே, அதில் கலந்திருந்தது இதன் தாயாதியான டைஎத்திலீன் கிளைக்கால். மீதிக் கூலன்ட்டைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிக் கடை மூலையில் வைத்திருப்பதை நான் ஒரு கடையில் கண்ணால் பார்த்தேன். பச்சை நிறம், இனிப்பு, குளிர்பானப் பாட்டில்! கடைக்குள் குழந்தைகள் வருகிற இடம். வந்த டப்பாவிலேயே மூடி, வண்டி ஷெட்டில் உயரத்தில் வையுங்கள். கழற்றிய பழைய கூலன்ட்டைத் தெருவில் கொட்டினால் நாயும் மாடும் நக்கும், அதுவும் கூடாது.

சூடான மூடியைத் திறக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் டிரைவர்கள் ஏன் திறக்கிறார்கள்? மேலே கடைக்காரர் போன் செய்துகொண்டிருக்கிறார், கீழே நாம் போன் செய்துகொண்டிருக்கிறோம், நடுவில் நிற்பவருக்கு அரை மணி நேரம் காத்திருக்கத் தைரியம் வருவதில்லை. கந்தையைச் சுற்றித் திருகுகிறார். அழுத்தத்தில் 100 டிகிரிக்கும் மேல் அடங்கி நின்ற தண்ணீர் மூடி விட்ட கணமே கொதித்து முகத்துக்கும் நெஞ்சுக்கும் பாய்கிறது. வெந்த எஞ்சினில் உடனே பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிப்பும் சேரும். "கொதிச்சா ஓரமா நிறுத்து, ஆறட்டும், நான் கடைக்காரர்கிட்ட பேசிக்கறேன்" என்று நாம் முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டும். எஃப்.சி.க்குப் போகும்போது பெயிண்ட் அடிக்கிறோம், லைட்டு மாற்றுகிறோம். மலையேறப் போகிறவருக்கு இந்த ஒரு வார்த்தை கொடுப்பதில்லை.

என் வண்டியில் இப்போது ஒரு பாக்கெட் நோட்டுக் கிடக்கிறது. வாரம் ஒருமுறை, காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, எவ்வளவு ஊற்றினோம், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று டிரைவர் எழுதி, நான் கையெழுத்துப் போடுகிறேன். என் கையெழுத்து இருப்பதுதான் முக்கியம். நாளை ஏதாவது ஆனால், சொன்னாரா சொல்லவில்லையா என்ற பேச்சுக்கு இடமில்லை.

அந்தக் கைப்பம்பு, பலவகை வண்டிக்குப் பொருந்தும் மூடிகளோடு, சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஒவ்வொருவரும் வாங்க வேண்டியதில்லை. சங்கம் ஒன்று வாங்கி அலுவலகத்தில் வைத்தால், வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் நூறு ரூபாய் கட்டி எடுத்துப்போய்ச் சோதித்துக்கொள்ளலாம். இரண்டு ஆண்டில் போட்ட முதல் திரும்பிவிடும். வரும் செயற்குழுவில் இதைப் பொருளாக வைக்கும்படி செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சம்பளப் பிடித்தம் பற்றியும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறேன். எடுத்துப் போன பம்பை அன்று சாயங்காலமே திருப்பி வாங்கிவைக்கக் கொஞ்சம் கண்டிப்பான ஓர் ஆள் மட்டும் வேண்டும். கல்யாணப் பாத்திரங்களுக்குச் சங்கத்தில் ஆன கதி இதற்கும் ஆகிவிடக் கூடாது.